வகுப்பறையில் விஞ்ஞானி: பிறப்புரிமையியல் போதனை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

அறிவு எக்காலத்தும் நன்மை பயப்பதே என்பது கல்வி பற்றிய சிந்தனைகள் பலவற்றுக்கும் அடிப்படையாய் அமைந்த நம்பிக்கையாகும். பாடசாலை என்னும் நிறுவனமே அந்நம்பிக்கையின் மேல் எழுப்பப்பட்டது எனலாம். ஆயின், கற்கப்படும் பொருள் கற்பவனின் உடலே ஆகுமிடத்து, அந்நம்பிக்கை அதே வலுவுடன் நிற்கவல்லதா என்னும் வினா எழுகின்றது. புவியியற் பாடத்தில் அமேசன் நதியைப் பற்றி அறிந்துகொள்ளும் மாணவன், அந்த அறிவினால் தன் வீட்டாரை வேறுவிதமாக நோக்கத் தொடங்குவதில்லை. பிறப்புரிமையியற் பாடத்திலோ அவன் தன் தாயையும் தந்தையையும், இன்னும் பிறவாத தன் பிள்ளைகளையும் பற்றி ஏதோ ஒன்றை அறிந்துகொண்டே வீடு திரும்புகின்றான். பட்டாணிச் செடியின் நெட்டையையும் குட்டையையும் பற்றிய கணக்கு எப்பொழுது தன்னைப் பற்றிய கணக்காக மாறுகின்றது என்பதை அவன் உணர்வதற்குள் மணி அடித்துவிடுகின்றது.

இப்பாடத்தை உயர்வகுப்பு மாணவர்க்குப் போதிப்பதற்கெனப் பல்கலைக்கழகங்களிலிருந்தும் ஆய்வுகூடங்களிலிருந்தும் விஞ்ஞானிகளை வரவழைக்கும் வழக்கம் மேலைநாடுகளில் வளர்ந்து வந்துள்ளது. அதற்குரிய காரணம் எளிதிற் புலப்படக்கூடியதே. 1953ஆம் ஆண்டில் வாற்சனும் கிரிக்கும் டி.என்.ஏயின் கட்டமைப்பை வெளியிட்டதிலிருந்து, 2003ஆம் ஆண்டில் மனிதப் பரம்பரையலகுத் தொகுதியை வாசிக்கும் சர்வதேசத் திட்டம் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டது வரையிலான ஐம்பது ஆண்டுகளில், ஓர் ஆசிரியர் தாம் பயின்ற பாடநூல் தம் சேவைக்காலத்தினுள்ளேயே பழமையடைவதைக் காண நேர்ந்தது. துறையில் உழைப்பவரே வந்து கூறட்டும் என்பது நியாயமான எண்ணமே.

அந்த எண்ணத்துக்கு வலுச்சேர்க்கும் சிறியதோர் உதாரணம் உண்டு. நாவைக் குழல்போல மடிக்கும் ஆற்றல் ஒரேயொரு பரம்பரையலகினால் நிர்ணயிக்கப்படும் ஆட்சியான இயல்பு என்பது பல நாடுகளின் வகுப்பறைகளிலும் செய்துகாட்டப்பட்டு வந்த ஒன்றாகும். 1940ஆம் ஆண்டில் இதனை எடுத்துரைத்தவர் அமெரிக்கப் பிறப்புரிமையியலாளர் அல்பிரட் ஸ்ரேர்ட்டிவன்ற். ஆயின் 1952ஆம் ஆண்டிலேயே, ஒத்த இரட்டையர் சோடிகள் சிலவற்றில் ஒருவர் நாவை மடிக்க, மற்றவரால் இயலாதிருந்தமை கண்டறியப்பட்டது. ஸ்ரேர்ட்டிவன்றே 1965ஆம் ஆண்டில் தம் கூற்று தவறென ஒப்புக்கொண்டு, அது இன்னும் பாடநூல்களில் இடம்பெறுவது குறித்துக் கூச்சமும் தெரிவித்தார். அதன் பின்னரும் பாடநூல்கள் அதனைக் கைவிட்டுவிடவில்லை. இதனை வேடிக்கை என ஒதுக்கிவிடுதல் இயலாது. பாடநூலின்படி, நாவை மடிக்க இயலாத பெற்றோர் இருவர்க்கு, மடிக்கக்கூடிய பிள்ளை பிறத்தல் ஆகாது. அன்று மாலை வீட்டிலே தாயையும் தந்தையையும் நாவை நீட்டச் சொல்லிப் பார்க்கும் பிள்ளை, பாடநூலை ஐயுறுவதா, தன் பிறப்பை ஐயுறுவதா? பதினைந்து வயதிற் பெரும்பாலோர் பாடநூலையே நம்புவர். ஒரு பொய், தாயின் ஒழுக்கத்தின் மீது நிழலாய் விழுந்துவிடுகின்றது. துறையறிந்த ஒருவர் அவ்வகுப்பில் ஐந்து நிமிடம் நின்றிருப்பாராயின் இத்தீங்கு நேர்ந்திராது.

இவ்வளவில் விடயம் முடிந்துவிடுமாயின் அறவியலுக்கு இங்கு வேலையில்லை. துறையறிந்தோர் எனப்பட்டோரே பிழைபட்ட காலமும் ஒன்று இருந்தது என்பதை மறந்துவிடலாகாது. நியூயோர்க் மாநிலத்தின் கோல்ட் ஸ்பிரிங் ஹாபர் என்னுமிடத்தில் 1910ஆம் ஆண்டில் இனமேம்பாட்டுப் பதிவகம் ஒன்று நிறுவப்பட்டது. அதன் தலைவர் சாள்ஸ் டவன்போட் அக்காலத்தின் மதிக்கப்பட்ட உயிரியலாளருள் ஒருவர். வறுமை, குற்றம், மந்தபுத்தி ஆகிய யாவும் பட்டாணியின் நிறம்போலப் பரம்பரையாக வருவன என அவர் நம்பினார். கடற்படை அதிகாரிகளின் குடும்பங்களை ஆராய்ந்து, கடல்மீது கொள்ளும் வேட்கையும் ஒரு பரம்பரையலகின் செயலே என 1919ஆம் ஆண்டில் அவர் எழுதியமை இன்று நகைப்புக்குரியது. ஆயின் அக்கருத்துக்களின் ஏனைய பகுதிகள் நகைப்புக்குரியனவாய் இருக்கவில்லை. 1914ஆம் ஆண்டில் வெளிவந்து அமெரிக்க உயர்பாடசாலைகளிற் பரவலாய்ப் பயன்பட்ட ஹன்ரரின் உயிரியற் பாடநூல், சில குடும்பங்களைச் சமூகத்தின் ஒட்டுண்ணிகள் என்றே மாணவர்க்குப் போதித்தது. 1925ஆம் ஆண்டில் ரெனசி மாநிலத்தில் கூர்ப்புக் கொள்கையைப் போதித்தமைக்காக ஸ்கோப்ஸ் என்னும் ஆசிரியர் மீது தொடுக்கப்பட்ட புகழ்பெற்ற வழக்கிற் சம்பந்தப்பட்டதும் இதே நூலாகும். விஞ்ஞானத்தின் பக்கம் நின்றோர் யாவரும் அறத்தின் பக்கம் நின்றோர் எனக் கொள்வதற்கு இந்நூலின் பக்கங்கள் இடந்தருவதில்லை.

வேர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த கரி பக் என்னும் ஏழைப் பெண்ணின் கதை இங்கு விரித்துரைக்கத்தக்கது. அவளும் அவளுடைய தாயும் மந்தபுத்தியுடையோர் என முத்திரை குத்தப்பட்டனர். மூன்றாந் தலைமுறையிலும் அக்குறை உண்டெனக் காட்டினாலே அவளுக்குக் கருவளநீக்கம் செய்யும் சட்டத்தை நிலைநிறுத்தலாம் என்றிருந்தது. 1924ஆம் ஆண்டு வழக்கு விசாரணைக்கு வந்தபோது அவளுடைய மகள் விவியனுக்கு எட்டு மாதமேனும் நிறைவுற்றிருக்கவில்லை. பதிவகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர் அக்குழந்தையைப் பார்வையிட்டு, அது சராசரிக்குக் குறைந்தது எனச் சான்று கூறினார். 1927ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது; கரி பக்குக்கு அறுவை செய்யப்பட்டது. அந்நாட்டில் அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் இத்தகைய சட்டங்களுக்கு ஆளாயினர். அத்தீர்ப்பு இன்றுவரை முறைப்படி இரத்துச் செய்யப்பட்டதில்லை. விவியனோ பாடசாலைக்குச் சென்றாள். 1931ஆம் ஆண்டில் அவளுடைய பெயர் அப்பாடசாலையின் சிறப்புச் சித்தியாளர் பட்டியலில் இடம்பெற்றது. மறுவருடம், எட்டு வயதில், அவள் நோயுற்று இறந்தாள்.

இந்நிகழ்ச்சியில் இருவகை அறிவு எதிரெதிரே நிற்கின்றது. ஒரு நாள் வந்து பார்த்துச் சென்ற நிபுணரின் அறிவு ஒன்று. நாள்தோறும் அப்பிள்ளையைக் கண்டு, அவளுடைய கொப்பியைத் திருத்திய வகுப்பாசிரியையின் அறிவு மற்றொன்று. முன்னையது நீதிமன்றம்வரை சென்றது. பின்னையது ஒரு பெயர்ப்பட்டியலில் மட்டும் எஞ்சியது. அவற்றுள் எது உண்மையாயிருந்தது என்பதில் இன்று ஐயமில்லை.

பிளேட்டோ தமது குடியரசு நூலில், குடிமக்களின் ஆன்மாவிற் பொன்னும் வெள்ளியும் இரும்பும் பித்தளையும் கலக்கப்பட்டுள்ளன என்ற கதையை மக்களுக்குப் புகட்டவேண்டும் என்றார். அது பொய் என்பதை அவர் மறைக்கவில்லை. நகரின் ஒற்றுமைக்காகக் கூறப்படும் பொய் என்றே கூறினார். அன்றியும், இரும்பான பெற்றோர்க்குப் பொன்னான பிள்ளை பிறத்தலும் கூடும் என்பதற்கு அக்கதையிலேயே இடம் வைத்தார். இருபதாம் நூற்றாண்டின் இனமேம்பாட்டாளர் அக்கதையை மெய்யென நம்பியதோடு, அந்த விதிவிலக்கையும் நீக்கிவிட்டனர். பொய்யென அறிந்து சொன்னவரிலும், மெய்யென நம்பிச் சொன்னவர் மிகுந்த தீங்கு செய்தமை சிந்தனைக்குரியது. வாய்மையை நாவின் நேர்மையாக மட்டும் கொள்வோர்க்கு இது ஒரு சங்கடமான உண்மை. தான் அறியாததன் எல்லையை அறிந்திருத்தலும் வாய்மையின் ஒரு கூறு எனக் கொண்டாலன்றி டவன்போட்டைக் குறைகூற இயலாது.

இனி, விஞ்ஞானம் சரியாக இருந்த ஒரு சந்தர்ப்பத்தை நோக்குதல் வேண்டும். ஏனெனில் உண்மையான இக்கட்டு அங்கேதான் உள்ளது. டே-சாக்ஸ் என்பது குழந்தைகளின் நரம்புத் தொகுதியை அழிக்கும் நோய். பிறந்து சில மாதங்கள் நலமாக வளரும் குழந்தை, பின்னர் பார்வையையும் அசைவையும் படிப்படியாக இழந்து, பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்னரே இறந்துவிடும். குறிப்பிட்ட ஒரு நொதியம் இன்மையே இதற்குக் காரணம். பழுதுற்ற பரம்பரையலகு ஒன்றை மட்டும் உடையவர் காவி எனப்படுவர். அவர்க்கு எவ்வித நோயும் இல்லை. காவியர் இருவர் மணம்புரியின் அவர்க்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வருவதற்கான நிகழ்தகவு நான்கில் ஒன்று. அஷ்கெனாசி யூதரிடையே ஏறத்தாழ முப்பதின்மரில் ஒருவர் காவி. 1970ஆம் ஆண்டளவில் ஒரு குருதிப் பரிசோதனையால் காவியரை இனங்காணுதல் இயல்வதாயிற்று.

கனடாவின் மொன்றியல் நகரில், மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாள்ஸ் ஸ்கிரைவரும் அவர்தம் குழுவினரும் இப்பரிசோதனையை உயர்பாடசாலைகளுக்கே கொண்டு சென்றனர். பாடசாலைகளில் இந்நோயைப் பற்றியும் பரம்பரையைப் பற்றியும் மாணவர்க்கு விளக்கப்பட்டது. விரும்பியோர் குருதி வழங்கினர். காவியராயின் அச்செய்தி அவர்க்கே அறிவிக்கப்பட்டது. மத்தியதரைக் கடற்பிரதேச வழிவந்தோரிடையே காணப்படும் தலசீமியாவுக்கும் இதே முறை கைக்கொள்ளப்பட்டது. 1972 முதல் 1992 வரை 14,844 மாணவர் டே-சாக்ஸ் நோய்க்காகவும், 25,274 மாணவர் தலசீமியாவுக்காகவும் பரிசோதிக்கப்பட்டனர். முன்னையோரில் 521 பேரும் பின்னையோரில் 693 பேரும் காவியராய் இனங்காணப்பட்டனர். அவ்விருபது ஆண்டுகளில் அவ்விரு நோய்களும் அங்கு நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேலாகக் குறைந்தன. பாடசாலைப் பாடமொன்று இத்தகைய பயனை விளைவித்தமைக்கு வரலாற்றில் அதிக உதாரணங்கள் இரா.

பயன் ஒன்றையே அளவுகோலாகக் கொள்வோர் இவ்விடத்தில் நின்றுவிடுவர். ஆயின் எண்களுக்குப் பின்னால் ஒரு பதினாறு வயது மாணவி இருக்கின்றாள். நேற்றுவரை அவள் மாணவி. இன்று அவள் காவி. அவளுக்குக் காதலனும் இல்லை, திருமணப் பேச்சும் இல்லை. எனினும் இன்னும் பத்தாண்டுகளின் பின் பயன்படக்கூடிய ஒரு செய்தியை அவள் இன்றே சுமக்க வேண்டியவளாகின்றாள். அவள் கொடுத்த சம்மதம் சம்மதந்தானா? பக்கத்து ஆசனத்துத் தோழி கைநீட்டும்போது தான் மறுத்துவிடும் துணிவு அவ்வயதில் எத்தனை பேர்க்கு உண்டு? மனிதனை எக்காலும் வெறுங்கருவியாகக் கொள்ளற்க என்பது கான்ட் வகுத்த நெறியின் சாரம். ஒரு சமூகத்திலிருந்து நோயை அகற்றுவதற்கு வகுப்பறை வசதியான இடம் என்பதற்காக, அவ்வகுப்பறையின் பிள்ளைகள் கருவியாக்கப்பட்டனரா என்னும் ஐயத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. அமெரிக்க மனிதப் பிறப்புரிமையியற் கழகமும் மருத்துவப் பிறப்புரிமையியற் கல்லூரியும் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட கருத்துரை, உடனடி நன்மை இல்லாதவிடத்துப் பராயமடையாதோரைக் காவிநிலைக்காகப் பரிசோதிப்பதை ஊக்குவிக்கவில்லை. நோய் குறைந்தமைக்கான வழிகளிற் கருவிலேயே நோயைக் கண்டறிந்து கருவைக் கலைத்தலும் அடங்கும் என்பதையும் மறைத்தல் நேர்மையன்று.

மறுதலையாக, மொன்றியல் குழுவினர் தம் மாணவரை மறந்துவிடவில்லை என்பதையும் கூறவேண்டும். பரிசோதனை நடந்து எட்டாண்டுகளின் பின் அக்காவியரை மீண்டும் வினவி, அதன் முடிவுகளை 1984ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தொடக்கத்தில் ஏற்பட்ட கலக்கம் பெரும்பாலோரிடம் நீங்கியிருந்தது. அறிந்துகொண்டமை குறித்து அவர்கள் வருந்தவில்லை. பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என மூத்தோர் அஞ்சிய செய்தியைப் பிள்ளைகள் தாங்கினர்.

இதற்கு நேர்மாறான வழியொன்றும் உண்டு. நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியைச் சேர்ந்த யோசப் எக்ஸ்ரைன் என்னும் யூத மதகுரு, தம் பிள்ளைகள் நால்வரை டே-சாக்ஸ் நோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் 1983ஆம் ஆண்டில் தோர் யெஷோரிம் என்னும் அமைப்பை உருவாக்கினார். இங்கும் பாடசாலை மாணவரிடமிருந்து குருதி பெறப்படுகின்றது. ஆயின் முடிவு எவர்க்கும் அறிவிக்கப்படுவதில்லை. மாணவர்க்குக் கிடைப்பது ஓர் இலக்கம் மட்டுமே. திருமணப் பேச்சு எழும்போது இருதரப்பு இலக்கங்களும் அமைப்புக்குத் தெரிவிக்கப்படும். பொருந்தும், பொருந்தாது என்ற விடை வரும். ஒரே நோயின் காவியர் இருவர் சேரவிருந்தாலன்றி எவரும் தம்மைப் பற்றி எதனையும் அறியார். சாதகம் பார்த்துத் திருமணம் பேசும் ஈழத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இம்முறை விசித்திரமாகத் தோன்றாது. செவ்வாய் தோஷம் உடையவள் என்ற சொல் ஒரு பெண்ணின் வாழ்வை என்ன செய்யும் என்பதை அறிந்தோர், காவி என்ற சொல்லை எவர் காதிலும் விழாமற் காத்த அம்மதகுருவின் நோக்கத்தை விளங்கிக்கொள்வர்.

அச்சொல் என்ன செய்யும் என்பதற்குக் கிரேக்க நாட்டின் ஓர்கொமெனொஸ் பிரதேசம் சான்றாகும். அரிவாட்கலச் சோகையின் காவியர் மிகுந்த அவ்விடத்தில் ஊரார் பரிசோதிக்கப்பட்டு, அவரவர் நிலை அறிவிக்கப்பட்டது. 1970களிற் சென்று நோக்கியபோது, காவியர் சிலர் திருமணச் சந்தையில் தாழ்த்தப்பட்டிருந்தமையும், சிலர் தம் நிலையை மறைத்து மணம்புரிந்திருந்தமையும் தெரியவந்தது. காவியர் தமக்குள் மணம்புரிவது எதிர்பார்த்தவாறு குறையவுமில்லை. உண்மை அறிவிக்கப்பட்டது, ஆயின் அவ்வுண்மையைத் தாங்கும் ஊர் உருவாக்கப்படவில்லை. மொன்றியலுக்கும் ஓர்கொமெனொஸுக்கும் இடையிலான வேறுபாடு பரிசோதனையின் நுட்பத்தில் இல்லை. முன்னையது பாடத்திலிருந்து குருதிக்குச் சென்றது. பின்னையதில் பெற்ற அறிவு வதுவைப் பேச்சின் சரக்காயிற்று.

எனவே எக்ஸ்ரைனின் வழி சிறந்ததா? துன்பத்தைத் தவிர்ப்பதே நோக்கமாயின் ஆம் எனலாம். ஆயினும் அது கல்வியன்று. தன்னைப் பற்றிய உண்மை பிறரின் பேழையில் இலக்கமாகக் கிடக்க, அதனைத் திறவாமலே வாழ்வது ஒருவகையில் ஊழை வேறொருவர் கையில் ஒப்படைப்பதாகும். அச்சமூகம் அதனை மனமுவந்து ஏற்றுக்கொண்டிருக்கலாம். பாடசாலை அதனை ஏற்றுக்கொள்ளல் ஆகாது. அறியாமையைக் காப்பகமாக்கும் பாடசாலை நாளடைவில் வேறு விடயங்களிலும் அவ்வாறே செய்யக் கற்றுக்கொள்ளும்.

பாடத்தின் உள்ளடக்கமும் கவனத்துக்குரியது. நோய்களை மக்கட்கூட்டங்களின் பெயரோடு இணைத்தே போதிப்பது வழக்கம்: இது யூதரின் நோய், அது கறுப்பரின் நோய் என்றவாறு. இவ்வாறு கற்ற அமெரிக்க மாணவரிடம், கூட்டங்கள் இயல்பிலேயே வேறுபட்டவை என்ற எண்ணம் வலுப்பெறக்கூடும் என்பதை பிரையன் டொனவன் என்பவரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. மனித வேறுபாட்டின் பெரும்பகுதி, ஏறத்தாழ நூற்றுக்கு 85 பங்கு, ஒவ்வொரு கூட்டத்தின் உள்ளேயே காணப்படுகின்றது என 1972ஆம் ஆண்டில் ரிச்சட் லெவொன்ரின் கணித்ததைச் சேர்த்துப் போதித்தவிடத்து அவ்வெண்ணம் தளர்ந்தது. இனம் என்ற சொல் இத்துணை இரத்தம் குடித்த இலங்கைத் தீவில், இந்த 85 என்ற எண் உயிரியற் பாடத்தோடு நின்றுவிடத்தக்கதன்று.

இலங்கையிலும் தலசீமியா உண்டு. குருநாகல், அநுராதபுரம் ஆகிய மாவட்டங்களில் நோயாளர் அதிகம். மாதந்தோறும் குருதியேற்றி வாழும் அப்பிள்ளைகளைக் கண்ட எவரும், காவியரை முன்கூட்டியே இனங்காணுதல் வேண்டாம் எனத் துணிந்து கூறார். மருத்துவரும் விஞ்ஞானியரும் பாடசாலைகளுக்கு வருதல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எவ்வாறு வருவது என்பதே வினா. இந்நாட்டுப் பாடசாலைகளில் விருந்தினர் வருகை பெரும்பாலும் ஒரு சடங்காகும்: மாலை, வரவேற்புரை, ஒரு மணிநேரச் சொற்பொழிவு, நன்றியுரை, அதிபர் அறையிற் தேநீர். இந்நிரலில் ஒரு மாணவி எழுந்து கேள்வி கேட்பதற்கான இடம் நன்றியுரையோடு முடிந்துவிடுகின்றது. நெருங்கிய உறவில் திருமணம் செய்வதால் வரும் தீங்கை அவ்விருந்தினர் படம்போட்டு விளக்குவார். முதல்நிலை மைத்துனர் மணத்தால் பிறவிக் குறைபாட்டுக்கான ஆபத்து ஏனையோரிலும் ஏறத்தாழ இரண்டு மூன்று சதவீதமே அதிகம் என்பதை அவர் சொல்லாது விடவுங்கூடும். மூன்றாம் வரிசையில், மச்சானை மணந்த தாயின் மகள் அமர்ந்திருப்பது அவருக்குத் தெரியாது. வகுப்பாசிரியைக்குத் தெரியும்.

விஞ்ஞானிக்குத் தெரிந்தது ஆசிரியைக்குத் தெரியாது. ஆசிரியைக்குத் தெரிந்தது விஞ்ஞானிக்குத் தெரியாது. இருவரும் வகுப்புக்கு முன்னர் ஒரு நாளேனும் அமர்ந்து பேசாதவிடத்து, அம்மணிநேரம் எவ்வளவு அறிவு நிறைந்ததாயினும் பொறுப்பற்றதே ஆகும். பாடம் முடிந்தபின் எழும் வினாக்கள் விருந்தினரின் வாகனம் வாயிலைக் கடந்த பின்னரே எழுகின்றன. சில, ஒரு வாரம் சென்று, இடைவேளையின்போது, பிற மாணவியர் வெளியேறிய வகுப்பில், ஆசிரியையின் மேசையருகே தயங்கித் தயங்கிக் கேட்கப்படுகின்றன. அவ்வேளை அவர் தொடர்புகொள்ளக்கூடிய ஒரு விஞ்ஞானி எங்கோ இருக்கின்றாரா என்பதையும், அக்கேள்வியை அவ்விஞ்ஞானி தம் கடமையின் பகுதியாக ஏற்றுக்கொண்டாரா என்பதையும், அழைப்பிதழ் அச்சிடுவதற்கு முன்னரே அதிபர் கேட்டறிந்திருத்தல் வேண்டும்.